செவ்வாய்க்குப் போனவருக்கு வருத்தம் வந்தால்



கடந்த வாரம் உயர்தர வகுப்பில் பாலைத்திணை படிப்பித்துக்கொண்டிருந்தேன். தலைவன் பிரிந்து செல்லும் வழியின் கொடுமைகளைச் சொல்லிவிட்டு, இந்தக் காலத்தில் அப்படியொரு வழி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "செவ்வாய்க் கிரகத்துக்குப் போற வழி, சேர்" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது. பின்வாங்கில் இருந்த மாணவி மட்டும் சிரிக்கவில்லை. "அங்கை போனவருக்கு வருத்தம் வந்தா ஆர் சேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது?" என்று கேட்டாள். மாரியில் வீதி வெள்ளத்தில் மூழ்கிவிடும் ஓர் உட்கிராமத்துப் பிள்ளை அவள். அந்தக் கேள்வியோடுதான் அன்று வீடு திரும்பினேன்.

முதலில் தூரம். 2025 ஜூனில் இந்தியாவின் சுபான்ஷு சுக்லா போய்த் தங்கிய சர்வதேச விண்வெளி நிலையம், பூமிக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீற்றரில் சுற்றுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போகும் தூரந்தான். 2024 இல் எட்டு நாள் பயணமென்று அங்கே போன சுனிதா வில்லியம்ஸ் 286 நாட்களின் பின்பே பூமிக்கு மீண்டார். ஆயினும் அங்கிருந்து அவசரமென்றால் சில மணி நேரத்தில் இறங்கிவிடலாம். செவ்வாயோ மிகக் கிட்டே வரும்போதுகூட ஐந்தரைக் கோடி கிலோமீற்றர். சூரியனுக்கு அப்பால் போய்விட்டால் நாற்பது கோடி. பயணத்துக்கு வாய்ப்பான நிலை 26 மாதத்துக்கு ஒருமுறையே அமைகிறது. ஆகவே, போக ஆறு தொடக்கம் ஒன்பது மாதம், அங்கே ஓராண்டுக்கு மேலான காத்திருப்பு, திரும்ப மீண்டும் அவ்வளவு மாதம்.

கல்வியின் பொருட்டுப் பிரிவது மூன்றாண்டைக் கடக்கலாகாது என்று கற்பியலில் வரையறுக்கிறார் தொல்காப்பியர். வேந்தன் தொழிலுக்கு ஓராண்டு. செவ்வாய்ப் பயணத்தைக் கல்விப் பிரிவு என்று கொண்டால் கணக்கு மட்டுமட்டாகச் சரிவருகிறது. (கடற்பயணம் பெண்ணோடு இல்லை என்று அவர் சொன்னதுதான் சுனிதாவிடம் செல்லாது.)

உடல் அந்த மூன்றாண்டைத் தாங்குமா? எடையற்ற நிலையில், உடலைத் தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு 1 தொடக்கம் 1.5 சதவீதம் தேய்கின்றன. அதற்காகவே நிலையத்தில் இருப்பவர்கள் நாள்தோறும் இரண்டு மணித்தியாலம் உடற்பயிற்சி செய்கிறார்கள். கதிர்வீச்சுக்கு அப்படி ஒரு மாற்று இல்லை. 2011–12 இல் செவ்வாய்க்குச் சென்ற கியூரியோசிற்றி கலம் வழியில் அளந்தது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிசீவேட். பூமியில் இயற்கையாக நமக்குக் கிடைப்பது ஆண்டொன்றுக்கு 2.4 அளவில். அங்கே ஒரு நாள், இங்கே ஒன்பது மாதம்.

இவற்றையெல்லாம் விட என்னை வருத்துவது வேறொன்று. வானொலியலை ஒளியின் வேகத்தில் சென்றும், செவ்வாயை அடைய மூன்று தொடக்கம் இருபத்திரண்டு நிமிடம் எடுக்கிறது. 2014 செப்ரெம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தபோது, கட்டளைகளை முன்கூட்டியே கலத்தில் ஏற்றிவிட்டுப் பெங்களூரில் காத்திருந்தார்கள். எஞ்சின் எரிந்துகொண்டிருக்கையிலேயே கலம் கோளின் மறைவுக்குள் போய்விட்டது. இயந்திரத்துக்கு அது போதும். "நெஞ்சு நோகுது" என்று ஒருவர் அங்கிருந்து சொன்னால், வைத்தியரின் மறுமொழி போய்ச்சேர முக்கால் மணித்தியாலம்கூட ஆகலாம்.

தொண்ணூறுகளில் வன்னியில் வளர்ந்த எங்களுக்கு இந்தத் தாமதம் புதிதல்ல. சைக்கிள் சில்லைச் சுழற்றி, டைனமோவில் செய்தி கேட்ட காலம். யாழ்ப்பாணத்தில் இருந்த பெரியம்மா தனக்குச் சுகமில்லை என்று எழுதிய கடிதம் பல வாரங்கள் கழித்து எங்களிடம் வந்தது. அம்மா அன்றே பதில் எழுதினா. "கசாயம் குடிக்கிறியா, காய்ச்சல் விட்டுதா" என்று இரண்டு பக்கம். அது போய்ச்சேர்ந்தபோது பெரியம்மா இல்லை. அதை நாங்கள் அறிந்தது இன்னும் பிந்தி. இடையில் அம்மா மூன்றாவது கடிதமும் எழுதியிருந்தா.

மாணவியின் கேள்விக்கு நெருங்கிய விடை அந்தாட்டிக்காவில் கிடைத்தது. 1961 ஏப்ரலில், சோவியத் நிலையமொன்றில் பனிக்காலத்தைக் கழித்த பன்னிருவரில் ஒரேயொரு வைத்தியர் லியோனிட் ரொகோசோவ். வயது இருபத்தேழு. அவருக்கே குடல்வால் அழற்சி வந்துவிட்டது. அந்தக் காலநிலையில் விமானம் இறங்க வழியில்லை. வலி குறைக்கும் மருந்தை வயிற்றில் தானே ஏற்றி, தானே கீறி, குடல்வாலை அகற்றினார். தோழர் ஒருவர் கண்ணாடி பிடிக்க, இன்னொருவர் ஆயுதம் எடுத்துக் கொடுத்தார். கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்தமையால் பெரும்பாலும் விரலால் தடவியே வேலை செய்தார். தலைச்சுற்று வர, இடைக்கிடை நிறுத்தி ஓய்ந்தார். ஒன்றே முக்கால் மணித்தியாலம். இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். அவள் சற்று யோசித்தாள்.

"அப்பிடியெண்டா ரெண்டு டொக்ரர் போகவேணும், சேர்."

ஓர் ஆளைக் கூட்டினால் மூன்றாண்டுச் சாப்பாடு, தண்ணீர், மூச்சுக் காற்று எல்லாம் கூடும், கலத்தின் பாரம் கூடும், அதைத் தூக்க எரிபொருள் கூடும் என்று சொல்லத் தொடங்கினேன். மணி அடித்துவிட்டது.