கடலடியில் விண்மீன் இரும்பு

ஏற்காட்டில் சேர்வராயன் கோயிற் குன்றின்மேல் இரவில் நிற்போர்க்கு விண்மீன்கள் அணித்தாய்த் தோன்றும். ஆயினும், பண்டு வெடித்தழிந்த விண்மீன்களின் துகளைத் தேடிய அறிஞர் மலையுச்சியை நாடாது ஆழ்கடலையே நாடினர். அஃது ஏன் என ஆராய்வாம்.

பெருவிண்மீன்கள் தம்முள் ஆக்கி, வெடிக்குங்கால் வெளியில் வீசும் பொருள்களுள் இரும்பு-60 என்பதும் ஒன்று. அது 26 இலட்சம் ஆண்டுகளிற் பாதியாகத் தேயும். உலகமோ ஏறத்தாழ 450 கோடி ஆண்டு முதுமையுடையது. ஆதலின் ஆதியிற் கலந்திருந்த இரும்பு-60 முழுதும் எப்பொழுதோ ஒழிந்திருத்தல் வேண்டும்; இன்று அகப்படுவது பிற்காலத்தே வானினின்று வந்ததாம்.

1999ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்து அறிஞர் பசிபிக் கடலடிப் பாறையோட்டில் அதனைக் கண்டமை வெளியிட்டனர். 2016இல் வேறு ஆராய்ச்சியாளர், இந்துமாக்கடல் முதலியவற்றின் வண்டலை ஆய்ந்து, ஏறத்தாழ 17 முதல் 32 இலட்சம் ஆண்டுகட்கு முன் அத்துகள் மிகுதியாக வீழ்ந்ததென்றனர்.

நம் மலையிலும் வீழ்ந்திருக்குமன்றோ? வீழ்ந்திருக்கும். சேர்வராயன் மலைப்பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைமையது. ஆயின் பழைமை வேறு, காத்துவைத்தல் வேறு. மழை மேல்மண்ணை அரித்துத் திருமணிமுத்தாற்றின் வழியே காவிரிக்கு ஈந்துவிடுகின்றது. எஞ்சிய செம்மண்ணிலோ நிலத்து இரும்பே மலிந்துள்ளது. அதனிடையே சில அணுக்களைப் பிரித்தறிதல் அரிதினும் அரிது. கடலடி ஓடு பத்து இலட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். அடுக்கு குலையாமையின் வீழ்ந்த காலமும் அளக்கலாகும்.

2019இல் அண்டார்க்டிக்காவின் புதுப்பனியிலும் இரும்பு-60 கண்டமை அறிவிக்கப்பட்டது. ஆகவே ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின்மேல் இன்றும் அது வீழ்கின்றதெனக் கருதல் தகும். தோட்டக்காரர் அஞ்சற்க, அளவு மிக நுண்ணியது.