‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பல பொருள்கள்

ஆங்கில வாசிப்புப் பந்திகளில் அடிக்கடி வரும் சொற்களுள் ‘லைன்’ ஒன்றாகும். மலையக மாணவர்களுக்கு இச்சொல் பாடசாலைக்கு வருமுன்பே பழக்கமானது. நாம் ‘லயம்’ என்று வழங்குவது இதன் தமிழ் வடிவமே. ஆயினும், பழக்கமான ஒரு பொருளை மட்டும் மனத்திற் கொண்டால் மொழிபெயர்ப்பில் பிழை நேரும்.

அடிப்படைப் பொருள்

‘லைன்’ என்பது ‘நூல்’ எனப் பொருள்படும் ‘லீனியா’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இழுத்துப் பிடித்த நூலை நினைவிற் கொண்டால் ஏனைய பொருள்கள் எளிதில் விளங்கும்.

1. கோடு: ‘டிரோ அ லைன்’ (ஒரு கோடு வரைக).
2. எழுத்து வரி: ‘ரீட் த லாஸ்ட் லைன்’ (கடைசி வரியை வாசிக்க).
3. ஆட்களின் வரிசை: ‘ஸ்டான்ட் இன் லைன்’ (வரிசையில் நில்). மடுவத்தில் கொழுந்து நிறுக்க நிற்பதும் இத்தகைய வரிசையே.
4. புகையிரதப் பாதை: ‘மெயின் லைன்’. கொழும்பிலிருந்து ஹட்டன், நானுஓயா ஊடாகச் செல்லும் இப்பாதை 1924இல் பதுளையை அடைந்தது.
5. தொலைபேசி இணைப்பு: ‘த லைன் இஸ் பிசி’.
6. துணி உலர்த்தும் கொடி: ‘க்ளோத்ஸ் லைன்’.

‘லயம்’ வந்த விதம்

பிரித்தானியர் இந்தியாவில் படையினரின் வரிசைக் குடியிருப்புகளை ‘லைன்ஸ்’ என்றனர். இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை அறைகளுக்கும் அப்பெயரே வழங்கிற்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்ட பின்னரும் அப்பெயர் நிலைத்தது. ‘வரிசை’ என்ற சொல் இவ்வாறு குடியிருப்பைக் குறிக்கலாயிற்று. தனி வீடுகள் கட்டப்பட்டு வந்தாலும், இன்றும் பல குடும்பங்கள் லயங்களில் வாழ்கின்றன. சங்கீதத்தில் வரும் ‘லயம்’ வேறு சொல்லாகும்.

கவனிக்க

‘த லைன் ஹேஸ் டுவெல்வ் ரூம்ஸ்’ என்பதை “வீட்டில் 12 அறைகள் உள்ளன” என மொழிபெயர்த்தல் தவறு. பொதுவாக லயத்தில் ஓர் அறையே ஒரு குடும்பத்தின் வீடு. அங்கு வாழ்வது 12 குடும்பங்கள். வசதியுள்ள ஒரு குடும்பம் அன்று. உங்கள் இருப்பிடம் பற்றிக் கட்டுரை எழுதும்போது ‘லைன்’ என்று மட்டும் எழுதினால் வெளியூர் வாசகருக்கு விளங்காது. ‘லைன் ரூம்’ என எழுதி, அது வரிசை வீடுகளில் ஒன்று என விளக்குக.

பயிற்சி: ‘லைன்’ என்பதன் பொருளைத் தருக.

1. ‘ஹோல்ட் த லைன், ப்ளீஸ்’
2. ‘தெயார் வோஸ் அ லோங் லைன் அட் த பேங்க்’
3. ‘த அக்டர் பொர்கொட் ஹிஸ் லைன்ஸ்’

விடை: 1. தொலைபேசி இணைப்பு 2. ஆட்களின் வரிசை 3. நாடக வசனம். அயலிலுள்ள சொற்களே பொருளைக் காட்டும்: வங்கி என்றால் வரிசை, நடிகர் என்றால் வசனம்.