தலை எண்ணிய ராஜா

சென்ற வாரம் பார்த்த பத்து வாதைகளும் எகிப்தியர் தலையில் விழுந்தவை. எபிரேயர் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். இந்த வாரம் அடி அவர்கள் வீட்டுக்குள்ளேயே விழுகிறது.

எபிரேயரின் ராஜா தாவீது ஜனத்தொகையை எண்ணச் சொன்னார். படைத்தலைவன் யோவாப் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. எண்ணி முடிக்க ஒன்பது மாதமும் இருபது நாளும் ஆயின. பிறகுதான் ராஜாவுக்கு மனசு குத்தியது. காத் என்ற தீர்க்கதரிசி வந்து மூன்று தண்டனைகளைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்: ஏழு வருஷப் பஞ்சம், மூன்று மாதம் பகைவனுக்குப் பயந்து ஓட்டம், மூன்று நாள் கொள்ளைநோய். மனிதர் கையில் சிக்குவதைவிடக் கடவுள் கையில் விழலாம் என்றார் தாவீது. கொள்ளைநோயில் 70,000 பேர் செத்தார்கள்.

தலையை எண்ணியதில் என்ன பாவம்? ஆளை எண்ணினால் தலைக்கு அரை சேக்கல் மீட்புப்பணம் கட்ட வேண்டும், கட்டினால் வாதை வராது என்கிறது யாத்திராகமம். ஜனம் ராஜாவின் மந்தையல்ல என்று சொல்லாமல் சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன். ராஜாவை எண்ணத் தூண்டியது யார் என்பதில் வேதத்துக்குள்ளேயே இரண்டு பேச்சு. சாமுவேல் நூலில் கர்த்தரின் கோபம். பின்னால் வந்த நாளாகமத்தில் சாத்தான். முதல் பதில் யாருக்கோ உறுத்தியிருக்கிறது.

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் தினமும் இருட்டோடு பெரட்டு, வேலையாட்கள் வரிசையில் நிற்க வேண்டும். கிராணி செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டைப் பிரித்துத் தலைகளை எண்ணுவார். ஒரு தலை குறைந்தால் மண்டோர் லயத்துக்கே வந்துவிடுவார். வாசலில் வேப்பிலை தொங்கினால் மட்டும் பேசாமல் திரும்பிவிடுவார். தம்பிக்குச் சின்னம்மை போட்டபோது வீட்டில் தாளிப்புச் சத்தமே இல்லை. வாழையிலையில் படுக்கவைத்து, அரிப்பெடுத்த இடத்தை வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டிருந்தார் பாட்டி. யார் செய்த பாவம் என்று அவர் கேட்கவில்லை. "அம்மா வந்திருக்கா, குளிர்ந்து போவா" என்பார். எபிரேயரின் கடவுள் நோயை அனுப்புகிறார். எங்கள் மாரி நோயாகவே வந்து விருந்தாளிபோல் தங்கிப் போகிறாள். ஆனாலும் திருவிழா தள்ளிப்போன வருஷம் காய்ச்சல் கண்டால் பாட்டியும் காத் கட்சிதான்!

எங்கள் பக்கத்திலும் ஒரு வாதை வந்தது. 1998 செப்டம்பரில் ஈப்போவைச் சுற்றிப் பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை. நெகிரி செம்பிலானுக்குப் பரவியபின், 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைக் கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வந்தது. பண்ணையோரப் பழமரத்தில் வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றிக்குப் போய், பன்றியிலிருந்து ஆளுக்கு வந்திருக்கிறது. நாடு முழுக்க 265 பேருக்குக் கண்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். பாவம் செய்தவன் நான், இந்த ஆடுகள் என்ன செய்தன என்று தாவீது அழுததாகத் தலை எண்ணிய கதையில் வருகிறது.

தாவீதின் நாட்டில் வாதை நின்ற இடம் அர்வனா என்ற எபூசியனின் போரடிக்கும் களம். சும்மா தருகிறேன் என்றான் அவன். தாவீது கேட்கவில்லை, களத்தையும் மாடுகளையும் 50 சேக்கல் வெள்ளிக்கு வாங்கிப் பலிபீடம் கட்டினார். சாலொமோனின் ஆலயம் பிற்பாடு அங்கேதான் எழுந்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.