ஓடாத காருக்கும் சர்வீஸ் தேதி உண்டு

"வண்டி ஓடவே இல்லையே, அதுக்குள்ள எதுக்குண்ணே சர்வீஸ்?" காட்டேரிக்குப்பம் பக்கம் டீக்கடையில் கார் பேச்சு எழுந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வரும். நியாயமான கேள்விதான். திருக்கனூர் கடைத்தெரு, மயிலம் கோயில், எப்போதாவது ஜிப்மர் என்று போய்வரும் காருக்கு வருஷத்தில் நாலாயிரம் கிலோமீட்டர் சேர்வதே பெரிது. பத்தாயிரம் ஆகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றத்தான் செய்யும்.

ஆனால் வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து சர்வீஸ் அட்டவணையை முழுசாகப் படியுங்கள். நம் ஊரில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், இதில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. கிலோமீட்டரை எல்லோரும் பார்க்கிறோம், மாதத்தை விட்டுவிடுகிறோம். குறைவாக ஓடும் காருக்கு மாதம்தான் முக்கியம்.

ஏன் என்று பார்ப்போம். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாகக் கசிந்து எஞ்சின் ஆயிலில் சேரும். ஒரு மணி நேரம் ஓடினால் அந்த ஈரம் சூட்டில் ஆவியாகிவிடும். நாலு கிலோமீட்டர் போய் நிறுத்திவிட்டால் எஞ்சின் சரியாகச் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். நாளடைவில் ஆயில் கெட்டு, பிசுக்காகி, உராய்வைத் தடுக்கும் சக்தியை இழக்கும். எஞ்சின் ஆறியபின் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாகக் குழகுழவென்று ஒட்டியிருந்தால் ஈரம் தங்குகிறது என்று அர்த்தம். கூடவே கூலன்டும் குறைந்துகொண்டே போனால் கேஸ்கெட் கோளாறாக இருக்கலாம், உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பிரேக் ஆயில் இன்னும் மோசம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வண்டி நின்றாலும் ஓடினாலும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 140 டிகிரிதான். குடும்பத்தோடு ஏற்காடு போய் மலையிறங்கும்போது பிரேக் சூடாகி ஆயில் கொதித்தால் குழாயில் குமிழ் கட்டும், மிதித்த பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

டயருக்கும் வயசு உண்டு. பக்கவாட்டில் பொறித்த எழுத்துகளின் கடைசியில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயவில்லை என்றாலும் ரப்பர் வெடித்திருந்தால் அந்த டயரை நம்பாதீர்கள்.

புத்தகத்தில் இன்னொரு பகுதியும் உண்டு: தூசி, குறுகிய தூர ஓட்டம், கடும் வெயில் இருந்தால் தவணையைச் சுருக்கச் சொல்வது. திருவக்கரைப் பக்கம் ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் போகிற நமக்கு இந்தப் பகுதிதான் பொருந்தும். ஏர் பில்டரை இடையில் ஒருமுறை கழற்றித் தட்டிப் பாருங்கள். அறுப்புக் காலத்தில் ரோட்டில் பரப்பிய வைக்கோல் மேல் ஓட்டினால், நிறுத்தியதும் குனிந்து வண்டியின் அடியைப் பாருங்கள். சூடான சைலன்சரில் சிக்கிய வைக்கோல் தீப்பிடிக்கும். களத்தோரம் நிறுத்துகிறவர்கள் பானெட்டையும் திறந்து பார்க்க வேண்டும். எலி வயரைக் கடித்திருக்கும்.

லிங்காரெட்டிப்பாளையம் சர்க்கரை ஆலை ஓடிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அரவை நிற்கும் மாதங்களில்தான் ஆலையைப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றுவார்கள். சும்மா நிற்கிற இயந்திரத்துக்கும் கவனிப்பு வேண்டும் என்பது நம் பகுதிக்குத் தெரிந்த பாடம்தான்.

வருஷ சர்வீஸை எப்போது வைப்பது? ஆவணி, புரட்டாசியில் வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் பிரேக், வைப்பர், டயர், பேட்டரி எல்லாம் சரியாகிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அப்படி வெள்ளத்தில் நின்ற காரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்தே கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒன்று. டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், பேட்டரி, டயர் ஒவ்வொன்றும் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதுங்கள். அடுத்தது எப்போது என்பதையும் அன்றைக்கே குறித்துவிடுங்கள். நடுராத்திரியில் பிரசவ வலி என்று யாராவது வந்து கதவைத் தட்டினால், அந்தக் கார் ஒரே சாவியில் கிளம்ப வேண்டும்.