நாளைக்கு அரை ரூபாய்

ஸ்மார்ட் வாட்ச் வந்த பிறகும் பிளாஸ்டிக் டிஜிட்டல் கடிகாரம் ஒழிந்துவிடவில்லை. அதன் உண்மையான எதிரிகள் வேறு: நடைபாதைப் போலியும், பின்மூடியைத் திறக்கத் தெரியாத கையும்.

தில்லியில் குடிமைப் பணிகளுக்கான முதல்நிலைத் தேர்வு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை. காலை 9.30 மணிக்கு முதல் தாள். இரண்டு மணி நேரம், 100 கேள்விகள். அதாவது, கேள்விக்கு 72 நொடி. ராஜேந்தர் நகரிலும் முகர்ஜி நகரிலும் மாடியறைகளில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்து படித்த இளைஞர்களுக்கு அன்று ஒவ்வொரு நொடியும் பணம். ஆனால் மணி பார்க்க அவர்கள் பழகியிருந்த கைபேசி வாசலோடு நின்றுவிடுகிறது. நாடித்துடிப்பு முதல் நண்பர்களின் செய்தி வரை காட்டும் ஸ்மார்ட் வாட்சுக்கும் அதே கதிதான். மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் விதிப்படி, உள்ளே போகலாம் என்ற அனுமதி சாதாரணக் கைக்கடிகாரத்துக்கு மட்டுமே. (மருத்துவப் படிப்புக்கான 'நீட்' தேர்வில் அதுவும் கிடையாது.)

மணி காட்டுவதைத் தவிர அதிகம் தெரியாததுதான் இங்கே தகுதியாகிவிடுகிறது. தேர்வறையில் மட்டுமல்ல, ரயில் எஞ்சின் ஓட்டுநர்கள் வண்டியை இயக்கும்போது கைபேசியை அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. நோயாளியின் நாடியைப் பிடித்து எண்ணும் நர்சுக்கு நொடி துல்லியமாகத் தெரிய வேண்டும். இரு கையும் சிமெண்டில் இருக்கும் கொத்தனாரும், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கும் காவலாளியும் பையிலிருந்து போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இவர்கள் எல்லோருக்கும் தேவை ஒன்றேதான்: தினமும் கட்டிக்கொள்ளலாம், மழையில் நனைந்தால் பதற வேண்டாம், தொலைந்தால் ஒரு மாதச் சம்பளம் போகாது என்ற மாதிரியான ஒரு கடிகாரம்.

இந்த எளிய பொருள் ஒரு காலத்தில் கோடீஸ்வரர்களின் பொருளாக இருந்தது என்றால் நம்புவது கடினம். அமெரிக்காவின் ஹாமில்டன் நிறுவனம் 1972-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பல்சர்'தான் உலகின் முதல் டிஜிட்டல் கைக்கடிகாரம். தங்கக் கூடு, விலை 2,100 டாலர். பொத்தானை அழுத்தினால் மட்டும் சிவப்பு எண்கள் ஒளிரும். எப்போதும் எரிந்தால் பாட்டரி தாங்காது. ஆனால் அடுத்த ஐந்தே ஆண்டுகளில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிளாஸ்டிக் கூட்டில் அதே வேலையைச் செய்து சுமார் 10 டாலருக்கு விற்றது. இதற்கிடையே ஜப்பானின் செய்கோ 1973-ல் திரவப் படிகத் திரையைக் கொண்டுவந்தது. பொத்தானை அழுத்தத் தேவையில்லை, எண்கள் எந்நேரமும் தெரியும். அதுவரை கால்குலேட்டர் செய்துகொண்டிருந்த காசியோ 1974-ல் கடிகாரத்தில் இறங்கியது. ராஜாவின் பொருள் கூலிக்காரனின் பொருளாக மாறியது இவ்வளவு விரைவில்தான்.

கடத்தல் சரக்கு

இந்தியாவுக்கு அது நேர்வழியில் வரவில்லை. இங்கே கடிகாரம் என்றால் எச்.எம்.டி. என்றிருந்த காலம் அது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கிய அந்தப் பொதுத்துறைத் தொழிற்சாலையின் கடிகாரத்துக்கு தினமும் சாவி கொடுக்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளைக்கும், ஓய்வு பெறும் குமாஸ்தாவுக்கும் அதுதான் பரிசு. இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு. ஆகவே டிஜிட்டல் கடிகாரங்கள் வளைகுடாவிலிருந்து திரும்பும் மலையாளிகளின் பெட்டிகளிலும், கடத்தல்காரர்களின் படகுகளிலும் வந்தன. தில்லியின் பாலிகா பஜார், மும்பையின் முசாபிர்கானா, சென்னையின் பர்மா பஜார் எல்லாம் இந்தச் சரக்கால் களைகட்டின. பில் கிடையாது, உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் எண்பதுகளில் பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவன் டிஜிட்டல் வாட்ச் கட்டி வந்தால், அன்று அவனைச் சுற்றித்தான் கூட்டம்.

உள்நாட்டுத் தொழில் இந்தப் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-ல் உருவாக்கிய டைட்டன், ஓசூர் தொழிற்சாலையிலிருந்து 1987-ல் கடைக்கு வந்தது. அது பந்தயம் கட்டியது முள் காட்டும் குவார்ட்ஸ் கடிகாரத்தின் மேல். வாங்குபவர்கள் அதைத்தான் நகையாக மதித்தார்கள். டிஜிட்டல், சிறுவர்களின் விளையாட்டுச் சாமான் என்ற முத்திரையோடு பெட்டிக்கடைக்கு இறங்கியது. 1991-ல் தொடங்கிய தாராளமயமாக்கலும், 2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் விலகியதும் அதை பில்லோடு வாங்கும் பொருளாக்கின. அந்தப் போட்டியில் எச்.எம்.டி. நிற்க முடியவில்லை. அதன் கடிகார நிறுவனத்தை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது.

இருபத்தொரு கிராம்

இந்த வகைக்கு உலகமே காட்டும் உதாரணம் காசியோவின் எஃப்-91டபிள்யூ. 1989-ல் வெளிவந்தது. காசியோவில் ரியூசுகே மோரியாய் வடிவமைத்த முதல் கைக்கடிகாரம் இது. எடை 21 கிராம். மணி, கிழமை, தேதி, ஒரு அலாரம், ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு சிறு பச்சை விளக்கு. அவ்வளவுதான். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் உருவம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. ஆண்டுக்கு சுமார் 30 லட்சம் விற்பதாக 2011 வாக்கில் மதிப்பிடப்பட்டது. எவ்வளவு பரவலாக இருந்ததென்றால், குவாண்டனாமோ சிறையில் அமெரிக்க ராணுவம் கைதிகளை எடை போட்டபோது இந்தக் கடிகாரத்தை அணிந்திருந்ததையே ஒரு சந்தேகக் குறியாக எழுதி வைத்தது. 2011-ல் வெளியான ஆவணங்கள் இதைக் காட்டின. கோடிக்கணக்கானவர்கள் கட்டும் கடிகாரத்தை வைத்து ஒருவரை எப்படிச் சந்தேகிப்பது என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

இது ஏன் உழைக்கிறது? தேய்வதற்கு உள்ளே எதுவும் இல்லை என்பதுதான் காரணம். சாவிக் கடிகாரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பாகங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடுகின்றன. எண்ணெய் காயும், தூசி புகும், கீழே விழுந்தால் அச்சு முறியும். டிஜிட்டலில் இருப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம், ஒரு சில்லு, ஒரு திரை. மின்சாரம் பட்டால் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். சில்லு செய்வது அந்தக் கணக்கைத்தான். மாதத்துக்கு 30 நொடிக்கு மேல் பிசகாது என்கிறது நிறுவனம். பழைய சாவிக் கடிகாரத்துக்கு ஒரே நாளில் அவ்வளவு பிசகுவது சகஜம். திரவப் படிகத் திரை தானாக ஒளி தருவதில்லை. சுற்றியுள்ள வெளிச்சத்தைத் தடுத்தும் விட்டும் எண்களைக் காட்டுகிறது. அதனால் மின்செலவு மிகச் சொற்பம். விளக்கையும் அலாரத்தையும் அளவோடு பயன்படுத்தினால் ஒரு பாட்டரி ஏழு ஆண்டு வரும்.

இதே தத்துவத்தை முரட்டுத்தனமாக நீட்டினால் ஜி-ஷாக். தந்தை தந்த கடிகாரம் கீழே விழுந்து சிதறியதைக் கண்ட கிக்குவோ இபே என்ற காசியோ பொறியாளர், பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் ஓடும் கடிகாரத்தை 1983-ல் உருவாக்கிக் காட்டினார். பூங்காவில் குதிக்கும் ரப்பர் பந்தைப் பார்த்துத்தான், இயந்திரத்தைக் கூட்டுக்குள் மிதக்க விடும் யோசனை அவருக்குத் தோன்றியது. ஆனால் அதன் விலை சாதாரணக் கடிகாரத்தைப் போல் பல மடங்கு. தினசரி உபயோகத்துக்கு அவ்வளவு கவசம் பலருக்குத் தேவையில்லை.

கணக்கைப் பாருங்கள். பெயர் பெற்ற கம்பெனியின் சாதாரண டிஜிட்டல் கடிகாரம் ரூ. 1,200 என்று வைத்துக்கொண்டால், முதல் பாட்டரியின் ஏழு ஆண்டுக்கே நாளொன்றுக்கு அரை ரூபாய்கூட ஆவதில்லை. நடைபாதையில் 150 ரூபாய்க்குக் கிடைப்பது ஆறு மாதத்தில் நின்றுபோனால் நாளைக்கு 80 காசுக்கு மேல் ஆகிறது. மலிவானதை வாங்கியவர்தான் அதிகம் செலவழிக்கிறார்.

சாவது எங்கே?

ஏழை வாடிக்கையாளர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். போலியின் முகம் அசலை உரித்து வைத்தது போலிருக்கும். உள்ளே தரமற்ற பாட்டரி, நீர் புகும் மூடி, தோலில் அரிப்பு உண்டாக்கும் பட்டை. எஃப்-91டபிள்யூவில் வலப்பக்கப் பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் திரையில் காசியோ என்ற பெயர் எழும். அசலை அறிய இது நல்ல உபாயமாக இருந்தது. இப்போது சில போலிகள் அதையும் கற்றுக்கொண்டுவிட்டன. கடைசியில் நம்பத்தக்க சான்று பில் ஒன்றுதான். போலி வர்த்தகச் சின்னத்தோடு பொருள் விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது 1999-ம் ஆண்டு வர்த்தகச் சின்னச் சட்டம். நடைபாதைகளைப் பார்த்தால் அந்தச் சட்டம் யாரையும் பயமுறுத்தியதாகத் தெரியவில்லை.

அசலையும் கொல்லும் வழிகள் உண்டு. முகப்பில் 'வாட்டர் ரெசிஸ்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால், கை கழுவலாம், மழையில் நடக்கலாம் என்றுதான் பொருள். கிணற்றில் குதிக்கலாம் என்பதல்ல. நீந்துவதற்கு 50 மீட்டராவது குறித்திருக்க வேண்டும். அப்போதும் தண்ணீருக்குள் பொத்தானை அழுத்தக் கூடாது. அடுத்தது பட்டை. வியர்வையும் வெயிலும் பட்டுப் பிளாஸ்டிக் ஒரு நாள் வெடிக்கும். பட்டை அறுந்ததும் நன்றாக ஓடும் கடிகாரத்தை மேஜை இழுப்பறையில் போட்டு மறந்துவிடுபவர்கள் ஏராளம். கடிகாரத்துக்கு ஒரு குறையும் இல்லை, கட்ட வழிதான் இல்லை. வாங்கும்போதே மாற்றுப் பட்டை கிடைக்குமா என்று கேட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

மூன்றாவது ஆபத்து பாட்டரி மாற்றும் நாள். இதற்கான வட்டப் பாட்டரியின் பெயர் சி.ஆர். 2016. விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 1.6 மில்லிமீட்டர் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பின்மூடியின் நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பாட்டரியை மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் மூடியைச் சுற்றியுள்ள மெல்லிய ரப்பர் வளையம் மடிந்துபோனால், அடுத்த மழையில் கண்ணாடிக்குள் ஆவி படியும். புதுப் பாட்டரி போட்டதும் 'ஏ.சி.' என்று குறித்த புள்ளியை இடுக்கியால் பாட்டரியோடு ஒரு கணம் தொடவைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சில்லு குழம்பித் திரை வெறுமையாகவோ கிறுக்கலாகவோ நிற்கக்கூடும். விஷயம் தெரியாதவர் "போர்டு போயிடுச்சு, வேற வாங்கிக்குங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். உயிரோடு இருக்கும் கடிகாரம் குப்பைக்குப் போகும்.

கொல்கத்தாவின் ராதாபஜார் போன்ற கடிகாரச் சந்தைகளிலும், ஊருக்கு ஊர் கடைத்தெரு மூலைகளிலும், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணில் லென்ஸோடு குனிந்திருக்கும் பழுதுபார்ப்பவர்கள் இந்த நுணுக்கம் அறிந்தவர்கள். எச்.எம்.டி.யின் வில்லையும் சக்கரத்தையும் பிரித்துப் பூட்டிக் கை பழகியவர்களுக்கு இது பெரிய வேலையல்ல. ஆனால் இன்று அந்த நாற்காலிகளில் வாரிசுகள் அதிகம் உட்காருவதில்லை. ஒரு பாட்டரிக்கு ஏழு ஆண்டு உழைக்கும் பொருளை வைத்து யார் பிழைக்க முடியும்? கடிகாரத்தின் ஆயுளே கடிகாரக்காரரின் பிழைப்புக்கு எதிரி. அவர் போய்விட்டால், அடுத்த ஏழு ஆண்டுக்கு அதை ஓட வைக்கவும் ஆள் இருக்காது.

ஸ்மார்ட் வாட்ச்காரருக்கு இந்தக் கவலை இல்லை. அவருக்கு வேறு கவலை. தினமும் அல்லது சில நாளுக்கொரு முறை சார்ஜ் ஏற்ற வேண்டும், மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், பாட்டரி தளர்ந்தால் பெரும்பாலும் புதிதாகவே வாங்க வேண்டும். பிளாஸ்டிக் டிஜிட்டல் தன் சொந்தக்காரரிடம் அவ்வளவு கேட்பதில்லை. எஃப்-91டபிள்யூவுக்கு எந்த ஆண்டு நடக்கிறது என்பதே தெரியாது. பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாள்தான் என்று அது நம்புகிறது. 2024 பிப்ரவரி 29 அன்று காலை உலகெங்கும் அதன் முகத்தில் தேதி 1 என்றிருந்தது. 2028-லும் அப்படியேதான் இருக்கும். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, பொத்தானை அழுத்தி ஒரு நாளைத் திருத்திக் கொடுத்தால் போதும். மற்ற நாட்களை அது பார்த்துக்கொள்ளும்.