கப்பலில் நல்ல அறை எது?

“தூங்கறதுக்கு ஒரு இடம். அதுல என்ன நல்ல ரூம், கெட்ட ரூம்?”

2018-ல் சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல் ஏறப் போனபோது நானும் என் கணவரும் இப்படித்தான் பேசிக் கொண்டோம். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்காக, அங்கே புதிதாக வேலைக்குப் போயிருந்த மகள் கொடுத்த பரிசு அது. பட்டியலில் இருப்பதிலேயே மலிவாக ‘கேரன்ட்டி கேபின்’ என்று ஒன்று இருந்தது. கேரன்ட்டி என்றால் நல்லதுதானே என்று எடுத்து விட்டோம். கப்பலில் உங்களுக்கு ஓர் அறை நிச்சயம் உண்டு, ஆனால் எந்த அறை என்பது கம்பெனியின் இஷ்டம் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று பிறகல்லவா தெரிந்தது!

எங்களுக்கு வந்தது கப்பலின் மூக்குப் பக்கம், ஜன்னலில்லாத அறை. தலைக்கு மேலே வெயில் காயும் தளம். விடிகாலை ஐந்து மணிக்கே நாற்காலிகளைக் கரகரவென்று இழுத்துப் போடுவார்கள். ஒரு ராத்திரி காற்றும் மழையுமாக அடித்தபோது என் கணவர் கட்டிலுக்கும் பாத்ரூமுக்குமாக நடந்து கொண்டிருந்தார். கப்பலின் நடுவில் இருந்தவர்களை மறுநாள் விசாரித்தால், “அப்படியா, ராத்திரி மழையா?” என்று கேட்கிறார்கள்! ஊர் திரும்பியதும் கப்பலுக்கே ஒரு கும்பிடு போட்டு விட்டார் மனிதர்.

நானும் அதோடு விட்டிருப்பேன். என் அம்மா விடவில்லை.

அம்மா பிறந்தது பினாங்கில். தாத்தாவுக்கு மலாயா ரயில்வேயில் வேலை. 1957-ல், பதினோரு வயதில், பாட்டியோடும் கைக்குழந்தையாக இருந்த மாமாவோடும் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கினாள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் ரஜுலா என்று சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு கதை வரும். 1926-ல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் ஆரம்பம் வரை போய் வந்து கொண்டிருந்தது. கேபினுக்குப் பணமில்லாதவர்களுக்கு டெக் டிக்கெட். தளத்தில் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைச் சுவராக வைத்துக் கொண்டால் ஊர் வரும்வரை அதுதான் வீடு. நாகையில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில்தான் இறங்கி வர வேண்டும்.

“பினாங்குக்குப் பிளேன்ல போயிட்டு வந்துடலாம்மா” என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

“பிளேன்ல போனா ஏர்போர்ட்டைத்தான் பாக்கலாம். ஊரு சின்னதாப் போறதைக் கப்பல்ல நின்னு பாத்துக்கிட்டே வந்தவடி நான். அது மறுபடி பெரிசாகி வர்றதை ஒரு தடவை பாத்துட்டாப் போதும்.”

2024-ல் அம்மாவுக்கு எழுபத்தெட்டு. இரண்டு முழங்காலிலும் வலி. ராத்திரியில் மூன்று தடவை பாத்ரூமுக்கு எழ வேண்டும். அடுத்த வருஷம் பார்த்துக் கொள்ளலாம் என்று சொல்லக் கூடிய வயதல்ல. இந்தத் தடவை அறை விஷயத்தில் தப்புப் பண்ணக் கூடாது என்று வைராக்கியமாக உட்கார்ந்தேன்.

போவதென்று முடிவானது நாலு பேர்: அம்மா, நான், சிங்கப்பூரில் இருக்கும் என் மகள், அவளுடைய பதினாலு மாதக் குழந்தை. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு போய், சிங்கப்பூருக்கே திரும்பும் பயணம்.

ஓர் அறையா, இரண்டு அறையா?

“நாலு பேர் படுக்கற ரூம் ஒண்ணு போட்டா செலவு குறையும்மா” என்றாள் மகள்.

கணக்கு சரிதான். கப்பலில் கட்டணம் அறைக்கல்ல, ஆளுக்கு. விளம்பரத்தில் போடும் தொகை, ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால் ஒருவருக்கு என்ன என்பது. (துறைமுக வரி, தினப்படி சிப்பந்திகளுக்கான டிப்ஸ் எல்லாம் பெரும்பாலும் அதற்கு மேலே வரும். மொத்தம் எவ்வளவு என்று கேட்காமல் சந்தோஷப்பட்டு விடாதீர்கள்!) மூன்றாவது, நாலாவது ஆளுக்குப் பல சமயம் குறைவாகத்தான் வாங்குகிறார்கள்.

ஆனால் அந்த மூன்றாவது, நாலாவது படுக்கை எங்கே இருக்கிறது? ரயிலின் அப்பர் பர்த் மாதிரி சுவரிலோ கூரையிலோ மடக்கி வைத்திருப்பார்கள். ராத்திரி இறக்கி ஏணி போடுவார்கள். அம்மாவால் ஏற முடியாது. குழந்தையை ஏற்றவே கூடாது. ஏறுவதென்றால் நானும் மகளும்தான். அறையோ சுமார் 150 சதுர அடி. குழந்தைக்குத் தொட்டில் கட்டில் கேட்டால் தருவார்கள் (டிக்கெட் போடும்போதே சொல்லி வைக்க வேண்டும்). அதைப் போட்டால் நடக்க இடமில்லை. ராத்திரி அம்மா எழுந்தால் தொட்டிலில் இடித்துக் கொள்வாள், குழந்தை எழுந்தால் நாலு பேரும் எழ வேண்டும்.

ஆகவே, ஒரே நடையில் எதிரெதிரே இரண்டு அறை பார்த்தோம். எனக்கும் அம்மாவுக்கும் பால்கனி உள்ள அறை. எதிரே, மகளுக்கும் குழந்தைக்கும் ஜன்னலில்லாத உள் அறை. உள் அறை என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். விலை குறைவு என்பது ஒரு பக்கம். கதவைச் சாத்தினால் பட்டப் பகலிலும் கும்மிருட்டு. பகல் தூக்கம் தூங்கும் குழந்தைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு சின்ன இரவு விளக்கு மட்டும் கொண்டு போனால் போதும். இன்னொன்று, தவழ்ந்து ஏறுகிற வயதுப் பிள்ளையைப் பால்கனி அறையில் வைத்துக் கொண்டு எந்தத் தாயும் கண்ணயர முடியாது. கதவில் உயரத்தில் தாழ்ப்பாள் இருந்தாலும்தான்.

ஒரு அறையில் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் தங்கினால், குழந்தை இரண்டாவது ஆள் கணக்கில் வந்து விடுகிறது, கட்டணத்திலும் அப்படியே. “பால் குடிக்கிற புள்ளைக்கு முழு டிக்கெட்டா!” என்று அம்மா அன்று முழுக்கப் புலம்பினாள். அப்படியும், நாலு பேருக்கு ஒரே பால்கனி அறை போட்டால் ஆகிற செலவைவிடக் கொஞ்சம்தான் கூட வந்தது.

அம்மாவின் விரல்

இனிமேல்தான் முக்கியமான வேலை. எந்தத் தளம், எந்த எண்?

ஒவ்வொரு கப்பலுக்கும் தளவாரியாக வரைபடம் உண்டு. கம்பெனிக்காரர்களே கொடுக்கிறார்கள். மகள் அதைப் பெரிய தாளில் அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். நானும் அவளும் குனிந்து விழித்துக் கொண்டிருக்க, அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு வந்தாள்.

“இதுல மூக்கு எது, வாலு எது?”

காட்டினேன். தாளின் நடுவில் விரலை வைத்தாள்.

“இங்க பாரு. ரஜுலாவுல எங்கம்மா டெக்குக்கு ஓடினதும் முதல்ல நடுவுலதான் பாயைப் போட்டுச்சு. மூக்குப் பக்கம் படுத்தவங்க எல்லாம் வாந்தி எடுத்தே போயிட்டாங்க.”

சீ-சாப் பலகையை நினைத்துப் பாருங்கள். இரண்டு முனையும் ஏறி இறங்கும். நடுவில் உட்கார்ந்தவருக்கு அவ்வளவாகத் தெரியாது. கப்பலும் அப்படித்தான். உயரம் போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் அதிகம். நடு, கூடிய மட்டும் கீழ்த் தளம். 2018-ல் நாங்கள் எடுத்தது மூக்கு, மேல் தளம்!

“ஏணிக்கிட்ட வேண்டாம். ராப்பூரா மிதிச்சுக்கிட்டுப் போவாங்க” என்றாள் அடுத்தபடியாக. இப்போது ஏணிக்குப் பதில் லிப்ட். இந்த இடத்தில் நானும் அம்மாவும் சண்டை போட்டோம். பெரிய கப்பல்களின் நீளம் 300 மீட்டரைத் தாண்டும். லிப்டுக்கு ரொம்பத் தள்ளி அறை எடுத்தால், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அந்த முழங்காலோடு நடந்து வர வேண்டாமா? கடைசியில் லிப்டிலிருந்து ஆறு கதவு தள்ளி என்று ராஜியானோம்.

“அடுப்படி எங்க இருக்கு?” என்றாள்.

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது. நம் அறை இருக்கும் தளத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேலே நீச்சல் குளம், சாப்பாட்டுக் கூடம், கீழே நாடகக் கொட்டகை, நடனக் கூடம் இருந்தால் தூக்கம் போச்சு. படத்தில் சில இடங்களை எதுவும் எழுதாமல் வெறுமனே விட்டிருப்பார்கள். அது காலி இடமல்ல. பெரும்பாலும் அடுப்படியோ சிப்பந்திகள் புழங்கும் இடமோ இயந்திரமோ இருக்கும். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கிற அறைதான் சத்தமில்லாதது. மூக்குப் பக்கம் கீழ்த் தளமானால், கரை அணையும்போது திருப்பும் இயந்திரங்கள் உறுமும். வால் பக்கம் அதிரும்.

பக்கத்து அறைக்குப் போக நடுவில் கதவு வைத்த அறைகள் உண்டு. குடும்பமாக இரண்டையும் எடுத்தால் சௌகரியம். அந்தப் பக்கம் யாரோ என்றால், அவர்கள் டி.வி.யில் என்ன பார்க்கிறார்கள் என்பது நமக்கும் கேட்கும். உயிர்காப்புப் படகுகளைத் தொங்கவிட்டிருக்கும் தளத்தில் சில அறைகளுக்கு ஜன்னல் இருக்கும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே படகின் முதுகுதான் தெரியும். ‘அப்ஸ்ட்ரக்டட் வியூ’ என்று போட்டு விலையைக் குறைத்திருந்தால் அது இதுதான்.

இத்தனையும் கழித்தபின் எட்டாவது தளத்தின் நடுவில் ஏழெட்டு அறைகள் மிஞ்சின. இடப்பக்கமா, வலப்பக்கமா?

பினாங்கு பாலத்துக்கு அடியில் இவ்வளவு உயரமான கப்பல்கள் நுழைய முடியாது. அதனால் வடக்கு வழியாகத்தான் வந்து, தெற்கு நோக்கித் திரும்பி, ஜார்ஜ் டவுனை நெருங்கும். அப்படி வரும்போது ஊர் வலப்பக்கம் இருக்கும். வலப்பக்கம் என்று முடிவு கட்டினோம்.

டிக்கெட் போடும்போது

ஏஜென்ட்டுக்குப் போன் செய்தால், “எல்லாம் ஒரே ரேட்தானே மேடம், சிஸ்டம் குடுக்கற ரூமை எடுத்துக்குங்க” என்றார். விடாதீர்கள். ஒரே கட்டணத்துக்குள்தான் நல்ல அறையும் மோசமான அறையும் இருக்கின்றன. எண்ணைச் சொல்லி அதுதான் வேண்டும் என்று கேளுங்கள். ‘இலவசமாக உயர்ந்த அறை தந்தாலும் மாற்ற வேண்டாம்’ என்றும் சொல்லி வையுங்கள். உயர்ந்த அறை என்று மூக்கு நுனியில் கொண்டு போய் வைத்தால் என்ன செய்வது?

கடைசி நேரத்தில் விலை இறங்கலாம். ஆனால் பொறுக்கி எடுக்க அறை இருக்காது. வயதானவர்களும் குழந்தையும் போவதென்றால் முன்கூட்டியே போடுவதுதான் சரி. நாங்கள் ஏழு மாதம் முன்னால் போட்டோம். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் ஜூன், டிசம்பரைத் தவிர்த்தோம். முழுப் பணம் கட்டும் கெடுவுக்கு முன் விலை குறைந்தால் நமக்கும் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். பல இடங்களில் தருகிறார்கள். கப்பல் மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைவதால், பல முறை நுழையும் விசாவாக இருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று: ஆறு மாதம் ஆகாத குழந்தையைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற மாட்டார்கள். கர்ப்பிணிகளுக்குப் பயணம் முடிவதற்குள் 24-வது வாரம் தொடங்கி விடுமானாலும் அனுமதி கிடையாது. பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு விடுங்கள்.

கப்பல் பாத்ரூமில் நிலைப்படி மாதிரி ஓர் எடுப்பு இருக்கும். தூக்கக் கலக்கத்தில் பெரியவர்கள் தடுக்கி விழ அது ஒன்று போதும். நான் அதன் மேல் வெள்ளைத் துண்டை மடித்துப் போட்டு, பாத்ரூம் விளக்கை ராத்திரி முழுக்க எரிய விட்டேன். குளிக்க உட்காரும் ஸ்டூல் கேட்டு வாங்கினேன். குமட்டலுக்கு மாத்திரையை நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. பல மாத்திரைகள் தூக்கத்தைக் கொடுக்கும். பெரியவர்கள் தள்ளாடி விழுவார்கள். கண்ணில் நீரழுத்தம் இருப்பவர்களுக்குச் சில மாத்திரைகள் ஆகவே ஆகாது. டாக்டரைக் கேட்டுக் கொண்டு போனோம். எங்களுக்குத் தேவைப்படவே இல்லை. அம்மா சுக்கைக் கடித்துக் கொண்டாள்.

பினாங்கை நெருங்கிய அன்று நாலரை மணிக்கே அம்மா எழுந்து புடவை மாற்றிக் கொண்டு பால்கனியில் உட்கார்ந்து விட்டாள். வெளுத்தபோது முதலில் மலை தெரிந்தது. பிறகு கட்டடங்கள். கடற்கரையோரம் வெள்ளையாக மணிக்கூண்டு. ஊர் பெரிசாகிக் கொண்டே வந்தது. அம்மா ஒன்றுமே பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

கரை அணைவதற்குக் கொஞ்சம் முன்னால் கப்பல் அப்படியே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி நின்றது! எங்கள் பால்கனிக்கு எதிரே ஊர் இல்லை. கால்வாயும், அதற்கப்பால் பட்டர்வொர்த் கரையும்தான். ஏழு மாதம் யோசித்து எடுத்த வலப்பக்கம் இப்படியாகி விட்டதே என்று எனக்கு ஒரே வருத்தம்.

“வாம்மா, அந்தப் பக்கம் போய்ப் பாக்கலாம்” என்றேன்.

அம்மா எழுந்திருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக் கொண்டு எதிர்க் கரையில் தெற்கே கையைக் காட்டினாள்.

“இருடி. அதோ, அங்கதான் பிறை. எங்கப்பா வேலை பாத்த ரயில்வே யார்டு அங்கதான் இருந்துச்சு. தினம் காலையில படகுல இப்படித்தான் போவாரு.”