மண் ஏற்காத அழகு

மனிதனை மிகச் சிறந்த அமைப்பில் படைத்திருப்பதாகத் திருக்குர்ஆனின் 95ஆம் அத்தியாயத்தில் இறைவன் அறிவிக்கின்றான். எனினும், தன் தோற்றத்தில் குறை காணாத மனிதர் அரிது. அக்குறையைப் போக்கிக்கொள்ள மார்க்கம் இடம் தருகின்றதா?

அறியாமைக் காலத்தில் நிகழ்ந்த குலாப் போரில் அர்ஃபஜா (ரலி) அவர்கள் தம் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் மூக்கொன்று செய்து பொருத்திக்கொண்டார்கள். அதில் துர்நாற்றம் வீசியது. பொன்னால் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் காண்கின்றோம். ஆண்கள் பொன் அணிவதைத் தடுத்த பெருமானார், ஊனத்தைச் சீர்செய்ய அப்பொன்னையே அனுமதித்தார்கள்! முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு, 1917ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் ஹரோல்டு கில்லீஸ் அளித்த சிகிச்சையும் இத்தகையதே.

ஆனால், பச்சை குத்துவோரையும், அழகிற்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவோரையும் பெருமானார் சபித்துள்ளார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் இவ்வறிவிப்பு புகாரி, முஸ்லிம் நூல்களில் இடம்பெற்றுள்ளது. இழந்ததை மீட்பது வேறு. இறைவன் அளித்ததை வெறுப்பது வேறு.

இவ்வெறுப்பு எங்கிருந்து பிறக்கின்றது? பெண் பார்க்க வருவோர், "நிறம் சற்றுக் குறைவு" என்று உதிர்க்கும் ஒரு சொல் போதும். அப்பெண் வெளுப்பூட்டும் களிம்பைத் தேடுகின்றாள். அத்தகைய களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்துள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது. இத்தீங்கில் அச்சொல்லை உதிர்த்தவருக்குப் பங்கில்லையா?

1962ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், உடலழகு கருதிப் பெண்ணின் மார்பில் சிலிக்கோன் பைகள் முதன்முதலாகப் பொருத்தப்பட்டன. கபுரில் தசை மண்ணாகிவிடும். சிலிக்கோனோ எளிதில் மட்குவதில்லை. அழகு அழிந்தபின் அதற்கென வாங்கிய பொருள் மட்டும் எஞ்சுவது எத்துணைப் பெரிய படிப்பினை!

மையித்தை மூன்று பின்தொடர்கின்றன: குடும்பம், செல்வம், செயல். முன்னிரண்டும் திரும்பிவிடுகின்றன, செயல் மட்டுமே உடன் தங்குகின்றது. இறந்த பின்னரும் நன்மை சேர்ப்பவை மூன்று என்றும் பெருமானார் அருளியுள்ளார்கள்: நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, நமக்காக துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை.

ஆகவே பெற்றோரே, உங்கள் மகளின் நிறத்தைக் குறை கூறாதீர்கள்; பிறர் கூறவும் இடங்கொடாதீர்கள். நாளை உங்களுக்காகக் கையேந்தப் போகின்றவள் அவளே. வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை அழகாக்குவானாக! ஆமீன்.